கருத்துக்கணிப்பு வேறு, ஆரூடம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கட்சிகள் தத்தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல்கள் எதிர்பாராத விதமாக முடியும்போதெல்லாம், ‘கணிப்புகள் பொய்த்தன’ என்ற தலைப்பின்கீழ்க் கருத்துக்கணிப்புகளையும் அரசியல் விமர்சகர்களின் ஆரூடங்களையும் தங்கள் நாளிதழ் ஒன்றாகச் சேர்த்து எழுதிவருகிறது. இரண்டும் தவறுவது ஒரே காரணத்தால் அல்ல என்பதை, மிச்சிகன் மாநிலத்தில் வாக்குரிமை பெற்றவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

2016 மார்ச் 8 அன்று இங்கு நடந்த ஜனநாயகக் கட்சித் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் ஏறத்தாழ 20 சதவீதப் புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகக் கருத்துக்கணிப்புகளின் சராசரி காட்டியது. ஆனால் சுமார் ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் வென்றவர் பெர்னி சாண்டர்ஸ். அதற்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குப் பதிவுக்குரலில் ஓர் அழைப்பு வந்தது. எண்களை அழுத்தி நான் பதில் சொன்னேன். கைபேசி மட்டுமே வைத்திருந்த, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகளை எவரும் கேட்கவில்லை. முன்அனுமதி இல்லாமல் கைபேசிக்கு அத்தகைய தானியங்கி அழைப்புகளை விடுக்க இந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. வாக்குச்சாவடியில் எனக்கு முன்னால் நின்றவர்களில் பலர் அவள் வயதுப் பிள்ளைகளாக இருந்ததைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

இங்கு வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்துகொள்வதில்லை. எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டையும் அன்றைக்குக் கேட்டு வாங்கலாம். போதாக்குறைக்கு, கட்சி விதியை மீறி 2008இல் மாநிலம் தேர்தலை முன்கூட்டியே நடத்தியதால், பராக் ஒபாமா வாக்குச்சீட்டிலிருந்து தம் பெயரை விலக்கிக்கொண்டிருந்தார். ஆகவே யார் யார் வாக்களிக்க வருவார்கள் என்று மதிப்பிடுவதற்கு 2016இல் நம்பத்தகுந்த முன்மாதிரியே இல்லை. இது கணக்கெடுப்பின் பிழை. காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவும் அடுத்த முறை திருத்திக்கொள்ளவும் முடியும்.

அதே ஆண்டில் குடியரசுக் கட்சியில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. 2015 ஜூலை முதலே நாடளாவிய கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலும் முதலிடத்தில் இருந்தவர் டொனால்ட் டிரம்ப்தான். அந்த எண்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே, இந்த ஆதரவு சில மாதங்களில் வடிந்துவிடும் என்று விமர்சகர்களில் பெரும்பாலானோர் எழுதினார்கள். 2020இல் ஜனநாயகக் கட்சியில், முதலில் வாக்களித்த மாநிலங்களான அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்த ஜோ பைடனின் கதை முடிந்தது என்றவர்களும் பலர். ஆனால் தென் கரோலினாவின் கருத்துக்கணிப்புகளில் அவரே பெரும்பாலும் முந்தியிருந்தார். பிப்ரவரி 29இல் அங்கு ஏறத்தாழ பாதி வாக்குகளை அள்ளிய அவர், மூன்றே நாள் கழித்து, ஒரே நாளில் வாக்களித்த 14 மாநிலங்களில் பத்தை வென்றார். எண்கள் சொன்னதை ஏற்க மறுத்தவர்களின் தவறை அந்த எண்கள்மீது சுமத்துவது நியாயமில்லை என்பதே என் ஆதங்கம்.

ஆகவே 2028 தேர்தல் செய்திகளிலாவது, ஒவ்வொரு கருத்துக்கணிப்பும் எந்தத் தேதிகளில், எத்தனை பேரிடம், எவ்வழியாக எடுக்கப்பட்டது, இன்னும் முடிவு செய்யாதவர்கள் எத்தனை சதவீதம் என்பதைச் சேர்த்து வெளியிடவும், விமர்சகர்களின் கருத்துகளைத் தனிப் பத்தியில் அவரவர் பெயரோடு அச்சிடவும், முடிவு வந்த மறுநாள் இரண்டையும் உண்மையான வாக்கு எண்ணிக்கையோடு அருகருகே வைத்துக் காட்டவும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மிச்சிகன், அமெரிக்கா