247 எழுத்தும் முடிந்தது, ‘கடல்’ வாசிக்க வரவில்லை

ஆசிரியருக்கு,

விஜயதசமியன்று ஏடு தொடக்கி, தட்டில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கிறோம். மூன்று வயதுக் கைக்கு அது அளவான வேலை. அடுத்த கிழமையே பென்சிலும் ஒற்றை ரூல் கொப்பியும் கொடுத்து, தரம் 1க்குப் போகமுதல் 247 எழுத்தையும் முடித்துத் தாருங்கள் என்று முன்பள்ளி ஆசிரியைகளை நெருக்குகிறோமே, பிழை அங்கே தொடங்குகிறது. திருகோணமலை நகரிலும் சரி, மூதூர், குச்சவெளிப் பக்கமும் சரி, பெற்றோர் பலருக்கு எழுத்தின் எண்ணிக்கைதான் கணக்கு.

வாசிப்புக்கு முதலில் பழக வேண்டியது காது. ‘மாம்பழம்’ என்பதைக் கைதட்டி மாம்-ப-ழம் என்று பிரிக்கவும், ‘கப்பல்’ தொடங்கும் ஒலியிலேயே தொடங்குகிற வேறு சொல் தேடவும் பிள்ளைக்கு வரவேண்டும். இதற்குக் கொப்பி எதற்கு? சோறு தீத்துகிற நேரம் போதும்.

எழுத்தை நெடுங்கணக்கு வரிசையிலேயே கொடுத்தால் பல கிழமைக்குச் சொல் அதிகம் கைக்கு வராது. ‘ங’வுக்கும் ‘ஞ’வுக்கும் நாள் போய்விடும். க, ட, ப, ம, ர, ல என்ற ஆறையும் அவற்றுக்குப் புள்ளியையும் எடுங்கள்: மரம், படம், பட்டம், பகல், கடல், கப்பல், கடகம் எல்லாம் வாசிக்கலாம். கிழமைக்கு இரண்டு புது எழுத்துக்கு மேல் வேண்டாம். எழுதிப் பழகக் கடற்கரை மணல் இருக்கிறது.

‘கானா, டானா’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லப் பழகிய பிள்ளை அவற்றை எவ்வளவு சேர்த்தாலும் ‘கடல்’ வராது. ஒலியைச் சொல்லிக் கொடுங்கள். புள்ளி எழுத்தைத் தனியே ‘இப்’, ‘இல்’ என்று படிப்பித்தால் கப்பல் ‘க-இப்-ப-இல்’ ஆகி உடைந்துவிடும். முன்னெழுத்தோடு ஒட்டி ‘கப்’, ‘பல்’ என்று இரண்டு துண்டாக வாசிக்க விடவேண்டும். ‘படம்’, ‘பட்டம்’ இரண்டிலும் ட ஒரே மாதிரி ஒலிக்காது. ‘கடல்’ க வேறு, ‘பகல்’ க வேறு. ஐந்து வயதில் இதற்கு விதி சொல்லிப் பயனில்லை. கூட்டி வாசித்த பிறகு, “கதைக்கும்போது எப்படிச் சொல்லுவம்?” என்று கேளுங்கள். தெரிந்த சொல்லானால் தானே திருத்திக்கொள்ளும்.

உயிர்மெய்யில் கா, கி, கீ சுலபம். உகரத்தில் கு, டு, மு, ரு ஒரு கூட்டம், சு, பு, வு இன்னொன்று, து, லு, னு மற்றொன்று. கலந்து கொடுத்தால் குழம்பும். கெ, கே, கை கடைசிக்கு. கொம்பு முன்னால் நிற்க, அதன் ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’ இரண்டிலும் எழுத்துக்கு இரு பக்கமும் காவல்! இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசிக்கிற பிள்ளைதான் இங்கே தடுமாறும். அதற்கு ‘மொக்கு’ என்று பட்டம் சூட்டாதீர்கள்.

வீட்டில் ‘வாறன்’, புத்தகத்தில் ‘வருகிறேன்’. இந்தச் சொல்லைக் காதால் கேட்டறியாத பிள்ளை எழுத்துக்கூட்டி முடித்தாலும் என்ன வாசித்தோம் என்று அறியாது. இரவில் பத்து நிமிடம், வரிக்குக் கீழே விரலை ஓட்டியபடி, கதைப் புத்தகத்தை அதில் உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள். கதையைப் பற்றிக் கதைப்பது வீட்டுத் தமிழிலேயே இருக்கட்டும்.

வாசிப்பா மனப்பாடமா என்று அறிய, படத்தை மறைத்துவிட்டுப் படிப்பிக்காத ‘மடல்’, ‘கட்டம்’ போன்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். பாடத்தை ஒப்பிக்கிற பிள்ளை அங்கே நின்றுவிடும். பிள்ளை எங்கள் முகத்தைப் பாராமல் இருக்க, நாங்கள் ‘பல்’, ‘கல்’ என்று சொல்லும்போது அதற்கு வேறுபாடு பிடிபடாவிட்டால், அதட்டமுதல் வைத்தியசாலையில் காதைப் பரிசோதியுங்கள்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.