மணலாகிப்போன சர்க்கரை

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு உன் அம்மா வருத்தப்பட்டாள். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. "பாகு திடீரென்று மணலாகிவிட்டது அப்பா, பாதாமோடு சேர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டேன்" என்றாயே, இன்னும் ஐந்தாறு நிமிடம் கிண்டியிருந்தால் நீ கேட்ட சர்க்கரை பூசிய பாதாம் வாணலியிலேயே கிடைத்திருக்கும்! முதல் தடவை நானும் அதே இடத்தில்தான் பயந்துபோய் அடுப்பை அணைத்தேன். பேச்சில் சொன்னால் மறந்துவிடுவாய் என்று எழுதுகிறேன்.

300 கிராம் பருப்புக்கு 200 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி பட்டைப்பொடி, கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள். பருப்பு பாதாமாக இருக்கலாம், முந்திரியாக இருக்கலாம், வால்நட்டாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றை மென்று பார்க்காமல் வாணலியில் போடாதே. வால்நட் சீக்கிரம் காறிவிடும். காறல் வாடையைப் பட்டையாலும் மறைக்க முடியாது. உப்பைக் குறைக்கவும் வேண்டாம். உப்பில்லாமல் செய்தால் நாலு வாய்க்கு மேல் திகட்டும்.

அடிகனமான, அகலமான வாணலியை எடுத்துக்கொள். மிளகாய்த்தூளைத் தவிர எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மிதமான தீயில் கிண்டு. முதலில் பாகு கொதிக்கும், பிறகு நுரை பெரிதாகிக் கெட்டிப்படும். அதன்பின் ஒரு நொடியில் பளபளப்பெல்லாம் போய், பருப்பின் மேல் வெளிறிய பொடி ஒட்டிக்கொள்ளும். நீ பயந்த இடம் இதுதான். தண்ணீர் வற்றிப் பாகு செறிவாகும்போது கிண்டக் கிண்டச் சர்க்கரை மறுபடியும் படிகமாகிறது, வேறொன்றுமில்லை. மற்றப் பாகுகளுக்கு இதைப் பூத்துப்போனது என்பார்கள். அதைத் தடுக்கத்தான் எலுமிச்சைச் சாறு விடுவது. நமக்கு அது பூக்க வேண்டும். அதனால் எலுமிச்சையைக் கிட்டேயே கொண்டுவராதே.

மணலானதும் தீயைச் சற்றுக் குறைத்துவிட்டுக் கிண்டிக்கொண்டே இரு. வாணலியின் அடியில் கிடக்கும் சர்க்கரை மெல்ல இளகிப் பொன்னிறமாகிப் பருப்பைப் பிடிக்கும். எதில் நிறுத்துவது என்பது உன் விருப்பம். முழுவதும் இளகவிட்டால் கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; காற்றில் ஈரம் இருந்தால் பிசுபிசுக்கும். பாதி மினுமினுப்பும் பாதி சொரசொரப்புமாக இருக்கும்போதே நான் இறக்கிவிடுவேன். மிளகாய்த்தூள் கால் தேக்கரண்டியை இறக்குவதற்குச் சற்று முன்னால் தூவு. முதலிலேயே போட்டால் கருகி, வீடே இருமும். ஒரு முறை நான் அப்படிப் போட்டுவிட்டு எல்லோரையும் வாசலுக்கு அனுப்பினேன்.

இறக்கியதை உடனே பேக்கிங் தாளில் கொட்டி, இரண்டு கரண்டிகளால் பிரித்துவிடு. ஆசைப்பட்டு விரலால் தொடாதே. இளகிய சர்க்கரையின் சூடு கொதிநீரைவிட மிக அதிகம், தோலில் ஒட்டினால் விடாது. பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடி. சூட்டில் பருப்பு மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். போதவில்லை என்று நினைத்து மறுபடி அடுப்பில் ஏற்றிக் கெடுத்துவிடாதே.

ஓவனில் செய்யும் வழியும் உண்டு. ஒரு முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, பருப்பில் பிரட்டி, சர்க்கரையும் மசாலாவும் சேர்த்து, 150 டிகிரியில் அரைமணி நேரம், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். நிறையச் செய்ய அதுதான் வசதி. முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கொடுப்பதானால் வேண்டாம்.

பண்டிகைக்கு நண்பர்களுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாய். நன்றாக ஆறும்வரை டப்பாவை மூடாதே. வெதுவெதுப்பாக மூடினால் உள்ளே வியர்த்து மறுநாளே நமுத்துவிடும். கண்ணாடிப் புட்டியோ இறுக்கமாக மூடும் டப்பாவோ போதும், இரண்டு வாரம் தாங்கும். குளிர்பெட்டியில் வைக்காதே. ஒவ்வொன்றின் மேலும் எந்தப் பருப்பு, முட்டை உண்டா இல்லையா என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டு. பருப்பு ஒவ்வாமை விளையாட்டல்ல. ஒரே வாணலியில் பல பருப்புகளைச் செய்திருந்தால் அதையும் எழுது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடென்றால் முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும் என்று வாய்விட்டே சொல்லிவிடு. நிறம் அதிகமாகிக் கசந்துபோன ஈட்டை யாருக்கும் கொடுக்காதே, அழகாக ரிப்பன் கட்டினாலும் கசப்பு கசப்புதான்.

வாணலியைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது என்றும் சொன்னாய். எதற்குத் தேய்க்கிறாய்? வெந்நீர் ஊற்றிச் சிறிது நேரம் விட்டுவிடு, ஒட்டியிருப்பது சர்க்கரைதானே, கரைந்துவிடும்.

அடுத்த முறை மணலானதும் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு என்னைக் கூப்பிடு. நீ கிண்டிக்கொண்டே பேசலாம்.

அன்புடன்,
அப்பா