அரக்கு பாலிஷ் வாங்குவோருக்கு: கலந்த பாட்டிலை ஏன் நிறுத்திவிட்டோம்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஸ்பிரிட்டில் (பாலிஷுக்கான ஆல்கஹாலில்) முன்கூட்டியே கலந்து வைத்த அரக்கு பாலிஷ் இனி நம் கடையில் கிடைக்காது. அரக்குச் செதிலை எடை போட்டுத் தருகிறோம். வேண்டிய அளவை வேலைக்கு முந்தைய நாள் நீங்களே கரைத்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு இது கூடுதல் வேலையாகத் தெரியலாம் என்பதால் காரணத்தையும் செய்முறையையும் சேர்த்தே எழுதுகிறோம்.

"ரெண்டு நாளாச்சுங்க, இன்னும் கை வெச்சா ஒட்டுதுங்க" என்று வரும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு மரமும் காரணமில்லை, ஆசாரியின் கையும் காரணமில்லை. பழைய கரைசல்தான் காரணம். அரக்கில் அமிலத்தன்மை உண்டு. ஸ்பிரிட்டில் ஊறியிருக்கும்போது அந்த அமிலம் மெல்ல ஸ்பிரிட்டோடு சேர்ந்து எஸ்டர் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. அப்படி மாறிய அரக்கு எத்தனை நாள் காய்ந்தாலும் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். சாதாரணமாக ஆறு மாதம் வரை கரைசல் தாங்கும். தகரக் கூரைக் குடோனில் சித்திரை, வைகாசி வெயிலைக் கண்ட பாட்டில் அதற்கு முன்பே கெடும். வெளியே பார்த்தால் நிறமும் மணமும் அப்படியேதான் இருக்கும். அதனால் பாட்டிலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கையில் பழைய பாட்டில் இருந்தால் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, கீறினால் பொடியாக உதிர்ந்தால் நல்ல அரக்கு. நகம் பதிந்தால் மரத்தில் பூசாதீர்கள். மேலே எத்தனை கோட் புதிதாக அடித்தாலும் அடியில் இருக்கும் பிசுக்கு போகாது. மொத்தத்தையும் ஸ்பிரிட்டால் கழுவி எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

கரைக்கும் முறை எளிது. முதல் கோட்டுக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் செதில். அடுத்து வரும் கோட்டுகளுக்கு 240 கிராம். கண்ணாடி ஜாரில் ஸ்பிரிட்டை முதலில் ஊற்றி, செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, முதல் ஒரு மணி நேரம் அடிக்கடி குலுக்குங்கள். அப்படியே விட்டால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இரவு முழுக்க ஊறட்டும், காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டின்னில் கரைக்கவோ வைக்கவோ கூடாது. இரும்பு பட்டால் கரைசல் கறுத்துவிடும். அவசரத்துக்கு அடுப்பில் வைக்கவே கூடாது. மறுநாளும் கரையாமல் ஜெல்லி போல உப்பி நின்றால் செதிலே பழசு. கடைக்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். வெயிலில் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவது மட்டும் கெட்டதற்கு அடையாளமில்லை. உடைத்துப் போட்டால் கரையும்.

தின்னரும் டர்பன்டைனும் அரக்குக்கு ஆகாது. சானிடைசரும் வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம். ஸ்பிரிட் கிடைக்காதவர்கள் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பயன்படுத்தலாம்; சற்று மெதுவாகக் காயும். ஸ்பிரிட் டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தயவுசெய்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பாலிஷ் ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம், குடித்தால் கண்ணும் போகும், உயிரும் போகும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி, பீடி எதுவும் இருக்கக் கூடாது.

இனி மரம். 120, 180, 220 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) எமரித் தாள் போட்டு, நார் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தேக்கு எண்ணெய் கசியும் மரம். ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். கண்ணாடி போன்ற மினுமினுப்பு வேண்டும் என்றால் நுண்துளைகளை அடைத்தாக வேண்டும். சாக் பவுடரில் மர நிறத்துக்கு ஏற்பக் காவி சேர்த்து, மெல்லிய அரக்கில் குழைத்து, நாருக்குக் குறுக்கே தேய்த்து, காய்ந்ததும் எமரி போட்டால் போதும்.

முதல் கோட்டைப் பிரஷ்ஷில் அடிக்கலாம். ஒரு இழுப்பு இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். ஓரிரு நிமிடத்தில் மேற்பரப்பு இறுகத் தொடங்கிவிடும், மறுபடி தொட்டால் கோடு விழும். அரை மணி நேரம் கழித்து 320 எமரியால் லேசாகத் தடவிவிட்டுத் துணிப்பந்துக்கு மாறுங்கள்.

வேலையின் அழகு துணிப்பந்தில்தான் இருக்கிறது. உள்ளே பஞ்சு, வெளியே பலமுறை துவைத்து மென்மையான பருத்தி வேட்டித் துணி, அடியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். திருப்பூர் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை மேல்துணியாகப் போடாதீர்கள். பின்னல் துணி இழுபட்டுச் சுருங்கும், நூல் தூசியும் விடும். அரக்கைப் பஞ்சில் ஊற்றி, மேல்துணியை மூடி, ஒரு தாளில் அழுத்திப் பாருங்கள். சொட்டக் கூடாது, ஈரம் மட்டும் பதிய வேண்டும். பந்து மரத்தைத் தொடும்போது ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், எடுக்கும்போதும் நகர்ந்தபடியே ஓரத்தைத் தாண்டி எடுக்க வேண்டும். நடுவில் ஒரு கணம் நின்றால் ஸ்பிரிட் அடிக்கோட்டை இளக்கித் துணியின் நெசவையே அச்சாகப் பதித்துவிடும். வட்டமாகவும், எட்டுப் போலவும், கடைசியில் நார் வழியே நேராகவும் ஓட்டுங்கள். பந்து பிடித்து இழுப்பதாகத் தெரிந்தால் லிக்விட் பாரஃபின் (நிறமற்ற கனிம எண்ணெய்) ஒரே ஒரு துளி அடியில் தடவலாம். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்து மங்கலாக்கும், வேண்டாம். இரண்டு மணி நேர இடைவெளியில் மூன்று நான்கு முறை ஓட்டிவிட்டு, ஓர் இரவு விட்டு, ஸ்பிரிட் மட்டும் துளி நனைத்த புதுப் பந்தால் மேலோட்டமாகத் தடவினால் எண்ணெய் விலகிப் பளபளப்பு வரும்.

பாலிஷ் படலம் வெள்ளை பூத்து மங்குவது அடுத்த தொல்லை. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. ஐப்பசி அடைமழையிலும், பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும் இது சாதாரணம். மழை நாளில் பாலிஷ் போட வேண்டாம். பூத்துவிட்டால் சுரண்டத் தேவையில்லை. நல்ல வெயில் நாளில் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட பந்தால் தடவினால் படலம் இளகி ஈரத்தை விட்டுவிடும். பல்லடம், தாராபுரம் பக்கத்து ஆடிக் காற்றுக்கு வேறு சிக்கல்: தூசியும் வரும், ஸ்பிரிட்டும் சட்டென்று பறந்து கோடு விழும். சன்னலைப் பாதி சாத்தி, விடியற்காலையில் செய்யுங்கள்.

எதற்குப் போடலாம் என்றால், அலமாரி, பூஜை மாடம், கட்டில், ஊஞ்சல் பலகைக்குத் தாராளமாக. ஊஞ்சலில் உட்காரும் இடம் தேய்ந்தாலும் கவலையில்லை. புதுக் கோட் பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். வாசற்கதவுக்கும் அடுப்படிக்கும் நாங்கள் அரக்கு தருவதில்லை. வெயில், மழை, சூடான டம்ளர், சோப்புத் தண்ணீர் எதையும் அது தாங்காது. அரக்கின் மேல் பாலியூரித்தேன் (பிளாஸ்டிக் வகை வார்னிஷ்) அடிக்கும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். மெழுகு நீக்கிய செதிலைத் தர வேண்டும். மெழுகு இருந்தால் மேல்கோட் பிடிக்காமல் உரியும்.

ஒரு சராசரி ஊஞ்சல் பலகைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அரை லிட்டர் கரைசல் போதும். அதற்கு 120 கிராம் செதில் வாங்கினால் சரியாக இருக்கும். கரைத்த தேதியை ஜார் மீது எழுதி வையுங்கள். பழைய பாட்டிலில் சந்தேகம் இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடித் துண்டில் துளி விட்டு மறுநாள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
கடையினர்