பெங்களூரு டரான்டுலா வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் நண்பர்களே, வணக்கம்.

டரான்டுலா என்னும் பெரிய, மயிரடர்ந்த சிலந்தியை வளர்க்க ஒரு சங்கமா என்று வெளியே இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கூட்டங்கள் வழக்கம்போல அல்சூரில், மொட்டைமாடியில் நடந்தன. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த ஆண்டு அதிகம் அலசியது ஒரே கேள்வியை: பெண் சிலந்தி முட்டையோடு இருக்கிறதா, இல்லையா? நம் வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் வீங்கிய வயிற்றின் படம்தான். நன்றாகத் தின்றாலும் வயிறு வீங்கும், தோல் உரிக்கும் முன்பும் வீங்கும், முட்டை கட்டினாலும் வீங்கும். இரை மறுப்பதும் வளை வாயை அடைப்பதும் பின்னிரண்டுக்கும் பொது. செம்முழங்கால் இனத்தில் வயிற்றின் வழுக்கைத் திட்டு கருத்துவிட்டால் பெரும்பாலும் தோல் உரிக்கத் தயாராகிறது என்று பொருள். லிங்கராஜபுரம் உறுப்பினருக்கு நாம் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பெண் சிலந்தி மல்லாந்து தோல் உரித்தது. செத்துவிட்டது என்று வீட்டில் ஒருவர் அழுததாகவும் கேள்வி.

அதனால் படம் வேண்டாம், தேதி சொல்லுங்கள். கடைசியாகத் தோல் உரித்தது எப்போது, ஆணோடு சேர்த்தது எப்போது? பெண் விந்தை ஒரு சிறு பையில் சேமித்து வைக்கும். தோல் உரியும்போது அந்தப் பையின் உட்புறமும் சேர்ந்து உரிந்துவிடும், விந்தும் போச்சு. அப்புறம் வேறு ஆண் தேட வேண்டியதுதான். பெண் 20 ஆண்டுக்கு மேலும் வாழலாம். கடைசித் தோலை உரித்து முதிர்ந்த ஆணுக்கோ பெரும்பாலும் சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு ஆண்டு. மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் அவசரம்.

தூக்கிப் பார்ப்பது, வயிற்றை அழுத்திப் பார்ப்பது இரண்டும் கூடவே கூடாது. சற்று உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்துவிடலாம். டப்பாவின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

முட்டைப்பையைத் தாயிடமே விடுவதா, சுமார் 30 நாள் கழித்து எடுப்பதா என்ற சண்டை தீரவில்லை. என் கருத்து: பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வதில் தாயை நாம் மிஞ்ச முடியாது. ஆனால் பக்கத்து மனையில் துளை போடும் சத்தம் நாள் முழுதும் கேட்கும் வீட்டில் அவள் பையைத் தின்றுவிட வாய்ப்புண்டு. அங்கே எடுத்துவிடுங்கள்.

சட்டம். செம்முழங்கால் இனம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் முன்பே இருந்தது. அந்த ஒப்பந்தத்தின் 2019 மாநாட்டில், நம் நாட்டிலும் வாழும் மர டரான்டுலாக்களான பொய்சிலோதேரியா பேரினமும் அதில் சேர்ந்தது. 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தம், 2024 விதிகள் ஆகியவற்றின்படி இந்தப் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். ஒரு பையிலிருந்து சில நூறு குஞ்சு வரலாம் என்பதால், ஜோடி சேர்க்கும் முன்பே இதை யோசியுங்கள். ஆந்திராவின் கூட்டி நீலச் சிலந்தி அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதையோ, காட்டில் பிடித்த வேறு எதையுமோ யார் கொண்டுவந்தாலும் சங்கம் தொடாது.

அடுத்த கூட்டத்துக்கு உரித்த தோலை மட்டும் எடுத்து வாருங்கள், சிலந்தி வேண்டாம். பாத்திர சோப்பு ஒரு சொட்டு விட்ட நீரில் ஊற வைத்து, விரித்து, நுண்ணோக்கியில் ஆணா பெண்ணா என்று பார்ப்போம். தோலோடு உரித்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி வைக்கவும்.