பம்பை நிறுத்தினால் போதுமா? ஆழ்கிணறுகளுக்கு அனுமதி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

எண்ணெய், எரிவாயு, புவிவெப்பம், கழிவுநீர் என எதன் பெயரால் இருந்தாலும், நிலத்தின் ஆழத்தில் திரவத்தைச் செலுத்தவோ அங்கிருந்து உறிஞ்சவோ அனுமதி தருபவர்கள் நீங்கள். அப்படிச் செய்வதால் சில இடங்களில் நிலநடுக்கம் வருவதுண்டு. அதற்காகப் பல நாடுகளின் விதிகளில் டிராஃபிக் சிக்னல் போல ஓர் ஏற்பாடு இருக்கிறது: பச்சை, மஞ்சள், சிவப்பு. குறிப்பிட்ட அளவைத் தாண்டி நிலம் அதிர்ந்தால் பம்பை நிறுத்த வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பம்பு நின்றால் அதிர்வும் நின்றுவிடும் என்று அது நம்புகிறது. அந்த நம்பிக்கை 1967-லேயே பொய்த்துப்போனது.

அமெரிக்காவில் டென்வர் நகருக்கு அருகே ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்ற ராணுவ ரசாயன ஆலை, தன் கழிவுநீரை ஏறக்குறைய 3,670 மீட்டர் ஆழக் கிணற்றில் 1962 மார்ச்சில் இறக்கத் தொடங்கியது. சீக்கிரமே நிலம் அதிர ஆரம்பித்தது. மாதாமாதம் இறக்கிய நீரின் அளவையும் அதிர்வுகளின் எண்ணிக்கையையும் டேவிட் எவன்ஸ் என்ற புவியியலாளர் அருகருகே வைத்துக் காட்டினார். 1966 பிப்ரவரியில் கிணறு நிறுத்தப்பட்டது. எல்லாவற்றிலும் பெரிய நடுக்கங்கள், 5-ஐ ஒட்டிய அளவில், வந்தது 1967-ல். அப்போது அந்தக் கிணற்றில் ஓராண்டுக்கும் மேலாக ஒரு சொட்டு நீர்கூட இறக்கப்படவில்லை.

இதில் மர்மம் எதுவும் இல்லை. பாறையில் உள்ள பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று இறுக அழுத்துவதால்தான் அது வழுக்காமல் நிற்கிறது. பாறையின் நுண்துளைகளில் இருக்கும் நீரின் அழுத்தம் கூடினால் அந்த இறுக்கம் தளர்கிறது. ஏற்கெனவே நழுவும் நிலையில் இருக்கும் பிளவுக்குச் சிறிய தளர்வே போதும். பம்பை நிறுத்தியதும் கிணற்றடியில் குவிந்திருந்த அழுத்தம் மறைந்துவிடுவதில்லை, மெல்ல வெளிப்பக்கம் பரவுகிறது. தூரத்தில் இருக்கும் ஒரு பிளவை அது முதன்முதலாகத் தொடுவது நீங்கள் சிவப்பு விளக்கைப் போட்ட பிறகாகவும் இருக்கலாம்.

"ரேஞ்ச்லியில் கட்டுப்படுத்திக் காட்டினார்களே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969 முதல் 1973 வரை அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தது. அழுத்தம் ஏறியபோது நடுக்கங்கள் கூடின, இறங்கியபோது குறைந்தன. ஆனால் அவர்கள் பம்பை நிறுத்தியதோடு நிற்கவில்லை, செலுத்திய நீரைத் திரும்ப வெளியே எடுத்தார்கள். பிளவும் கிணறுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அழுத்தம் எவ்வளவு என்பதையும் அளந்துகொண்டே இருந்தார்கள். இந்த மூன்றும் எத்தனை திட்டங்களில் இருக்கின்றன?

தென்கொரியாவின் போஹாங்கில் இருக்கவில்லை. அங்கே புவிவெப்ப மின் திட்டத்துக்காகச் சில கட்டங்களாக நீர் செலுத்தினார்கள். 2017 ஏப்ரலில் 3-ஐத் தாண்டிய ஒரு நடுக்கம் வந்தது. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு ஆபத்தை மறுபடி கணக்கிட்டிருக்க வேண்டும். ஆனால் வேலை தொடர்ந்தது. செப்டம்பரில் கடைசியாக நீர் செலுத்தி முடித்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 15 அன்று, 5.5 அளவு நிலநடுக்கம் நகரைத் தாக்கியது. பலர் காயமடைந்தார்கள். அந்தத் திட்டமே அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த ஆய்வுக் குழு 2019-ல் அறிவித்தது. செலுத்திய நீர் எல்லாம் சேர்த்தும் 13,000 கன மீட்டருக்குள்தான். ஓக்லஹோமாவில் இறக்கிய கழிவுநீரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. எண்ணெயோடு மேலே வந்த உப்புநீரைத் திரும்ப ஆழத்தில் இறக்கிய அந்த மாநிலத்தில், ஆண்டுக்கு ஒன்றிரண்டாக இருந்த 3-க்கு மேற்பட்ட நடுக்கங்கள் 2015-ல் 900-ஐ ஒட்டி எட்டின. நீரின் அளவைக் குறைக்க உத்தரவு வந்த பிறகும், 2016 செப்டம்பரில் பானி நகருக்கு அருகே 5.8 வந்தது. எண்ணிக்கை மட்டும் 2016 முதல் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது.

உறிஞ்சுவதிலும் இதே காலதாமதம்தான், ஆனால் இன்னும் நீளமாக. நெதர்லாந்தின் குரோனிங்கனில் எரிவாயு எடுப்பு 1963-ல் தொடங்கியது. 1991-லிருந்துதான் அந்த வயலில் நடுக்கங்கள் பதிவாயின. வாயு வெளியேற வெளியேற மணற்பாறை அமுங்குகிறது. பிளவின் இரு பக்கமும் ஒரே அளவில் அமுங்காதபோது அங்கே இழுபறி ஏற்படுகிறது. 2012-ல் ஹவுசிங்கேயில் வந்தது வெறும் 3.6 தான், ஆனால் நிலநடுக்கத்துக்கு மிகக் குறைவான மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வந்ததால் வீடுகள் விரிசல் விட்டன. 2023 அக்டோபரில் எடுப்பை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் நிலம் அவ்வப்போது அதிர்கிறது.

இதையெல்லாம் சொல்வது எல்லாக் கிணறுகளையும் மூடச் சொல்வதற்காக அல்ல. பெரும்பாலான கிணறுகளால் யாருக்கும் தெரியும்படியான அதிர்வு வருவதில்லை. ஹெல்சிங்கியில் 2018-ல் ஆறு கிலோமீட்டர் ஆழத்தில் நீர் செலுத்தியபோது, அதிர்வுகளை உடனுக்குடன் கவனித்து வேகத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2.1 என்ற எல்லையை அவர்கள் தொடவே இல்லை. சிவப்பு எரியும்வரை காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நான் கேட்பது இது. முதல் சொட்டு இறங்கும் முன்பே அந்த இடத்தில் நிலநடுக்கமானிகள் போதுமான காலம் இயங்கியிருக்க வேண்டும். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல், பின்பு எது மாறியது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கருவிகளை நடத்துவது நிறுவனமாக இருக்கக் கூடாது. நாள்தோறும் செலுத்திய அளவும் கிணற்று அழுத்தமும் பொதுவில் வெளியாக வேண்டும். வணிக ரகசியம் என்ற பதிலை இதில் ஏற்காதீர்கள், டென்வரில் உண்மை தெரிந்ததே இந்த எண்களால்தான். வீடு விரிசல் விட்டால் காரணத்தை நிரூபிக்கும் சுமை வீட்டுக்காரர் தலையில் விழக் கூடாது. குரோனிங்கனுக்காக நெதர்லாந்து 2016 இறுதியில் சட்டத்தையே மாற்றி, அந்தச் சுமையை நிறுவனத்தின் பக்கம் வைத்தது.

கடைசியாக, கிணற்றை மூடியதும் நிறுவனத்தின் பொறுப்பு முடிவதாக எழுதப்பட்டிருக்கும் விதிகளைத் திருத்துங்கள். கண்காணிப்புச் செலவுக்கான வைப்புத்தொகையை அனுமதி தரும்போதே வாங்கிவிடுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை நாட்காட்டி பார்த்து முடிவுசெய்யாமல், அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பியதை அளந்து முடிவுசெய்யுங்கள்.

இப்படிக்கு,
நில அதிர்வுப் பதிவுகளைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவர்