பினாங்குத் தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் வாரியங்கள் செய்யக்கூடியவற்றைப் பற்றியே இம்மடல். ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் கல்வி அமைச்சின் பொறுப்பு என்பதை அறிவேன். அதைச் சொல்லியே இந்தப் பேச்சைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் பள்ளிகளில் பல அரசின் பகுதி உதவி மட்டுமே பெறுபவை. அங்கே கட்டடத்துக்கும் நன்கொடைப் பணத்துக்கும் வாரியத்தின் சொல்லே பெரும்பாலும் முடிவாக இருக்கிறது.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம், ஊனத்தைக் காரணம் காட்டி எவரையும் பொதுக்கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்று 28ஆம் பிரிவில் கூறுகிறது. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாத கொள்கையை 2019 முதல் அமைச்சும் நடைமுறைப்படுத்தி வருகிறது. எனினும், மீறுவோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் விதிக்கவில்லை. ஆகையால் "எங்களிடம் வசதியில்லை, வேறு பள்ளி பாருங்களேன்" என்று பள்ளி அலுவலகத்தில் கனிவாகச் சொல்லி அனுப்பினால் அதைக் கேட்பாரில்லை. என் மகனைச் சேர்க்கப் போனபோது எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது.

வேறு பள்ளி என்றால் பெரும்பாலும் மலாய் வழியில் கற்பிக்கும் தேசியப் பள்ளியின் ஒருங்கிணைப்புச் சிறப்புக் கல்வி வகுப்புதான்; அதாவது, வழக்கமான பள்ளிக்குள்ளேயே இப்பிள்ளைகளுக்கென நடக்கும் தனி வகுப்பு. என் மகனின் ஆசிரியை மலாய்க்காரர். அவருடைய பொறுமைக்கு நான் கடன்பட்டவள். ஆனாலும் பேச்சே தாமதமாக வந்த ஒரு பிள்ளை, வீட்டில் பாட்டியிடம் தமிழிலும் வகுப்பில் மலாயிலும் சிகிச்சை அறையில் ஆங்கிலத்திலும் பழக வேண்டியிருக்கும்போது, தமிழ் அவன் வாயில் நிலைக்குமுன்பே அவனுடைய பள்ளி நேரத்திலிருந்து போய்விடுகிறது. மற்றப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி இன்றியமையாதது என்று மேடைதோறும் வாதிடும் நாம், அது மிகவும் தேவைப்படும் பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறோம். சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் 150 ரிங்கிட் உதவித்தொகை எங்கள் வீட்டில் வேன் கட்டணத்துக்கே போகிறது.

சிறப்புக் கல்வி வகுப்பு ஏற்கெனவே இயங்கும் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஆறேழு பிள்ளைகள்தானே, உங்களுக்கென்ன?" என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். அந்த ஆறேழு பேருக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதி, ஒருவருக்கு எழுத்தும் இன்னொருவருக்குக் காலணி மாட்டவும் கற்பித்து, வலிப்பு வந்தால் தாங்கி, கழிவறைக்கு அழைத்துச் சென்று கழுவிவிட்டு, மாலையில் பெற்றோரின் கண்ணீரையும் கோபத்தையும் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வகுப்பில் துணை நிற்கும் மாணவர் நிர்வாக உதவியாளர் விடுப்பில் இருக்கும் நாளில் அவர்களால் வகுப்பை விட்டு ஒரு நிமிடம்கூட நகர முடியாது. அத்தகைய நாளிலும் வராத ஆசிரியருக்குப் பதிலாக வேறு வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. இது தலைமையாசிரியரின் நிர்வாகம்தான் என்றாலும், வாரியத் தலைவர் ஒருவர் கேட்டால் நின்றுவிடக்கூடிய வழக்கம்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்ட பின்பும் பள்ளியின் பெருமையைப் பதாகையில் அச்சிடும் பழக்கம் நம்மை விடவில்லை. இப்போது அதில் புத்தாக்கப் போட்டிப் பதக்கங்கள் இருக்கின்றன. அவற்றை நான் குறை கூறவில்லை. மண்டபத்துக்குக் குளிரூட்டி வாங்க விருந்து நடத்திப் பணம் திரட்ட முடிகிற நமக்கு, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிவறைக் கதவும் வாசலில் ஒரு சாய்தளமும் ஏன் எட்டவில்லை என்றுதான் கேட்கிறேன்.

பார்வையற்றோருக்காக 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் இங்கே இடம்பெயர்ந்த புனித நிக்கலஸ் இல்லமும், காது கேளாத பிள்ளைகளுக்காக 1954இல் உருவான பள்ளியும் இருக்கும் மாநிலம் இது. இங்கே இவ்வேலை புதிதல்ல.

வகுப்பு இல்லாத பள்ளிகள் தங்கள் வட்டாரத்தில் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டிப் பட்டியல் எடுத்து, தரைத்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கி, தமிழ் பேசும் பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கேட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். வகுப்பு உள்ள பள்ளிகள் கற்றல் பொருளுக்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, அதை எப்படிச் செலவிடுவது என்பதைச் சிறப்புக் கல்வி ஆசிரியரிடமே விட வேண்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்தால், பட்டியல் எடுக்கும் வேலையை என் போன்ற பெற்றோர் சிலர் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி மாணவர் ஒருவரின் தாய்,
பட்டர்வொர்த்