பழைய பிக்கப் வண்டிக்கு முதல் பூட்டு, பழுது பார்ப்பதே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் விளையும் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் ஆகியவற்றை மேட்டுப்பாளையம் மண்டிக்கும், தோட்டத்தில் பறித்த பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்கும் கொண்டு சேர்ப்பதில் பழைய டீசல் பிக்கப் வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. புதிய வண்டி வாங்க வசதியில்லாத சிறு விவசாயிக்கும் வாடகை ஓட்டுநருக்கும் அந்த ஒரு வண்டிதான் மொத்த முதலீடு. அது களவு போய்விட்டால் குடும்பத்தின் வருமானமே நின்றுவிடும். ஆகவே வண்டியைப் பாதுகாப்பது பற்றிக் கேட்க அவர்கள் பட்டறைக்கு வருவது இயல்புதான். எந்தப் பூட்டு நல்லது, எந்த ஜி.பி.எஸ். கருவி மலிவு என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கோத்தகிரி வட்டாரத்தில் டீசல் வண்டிகளுக்குப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், நான் அவர்களிடம் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: அதிகாலைக் குளிரில் சாவியைத் திருப்பியவுடன் உங்கள் வண்டி செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறதா?

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. பேட்டரி இறங்கிப்போன அல்லது செல்ஃப் மோட்டார் தேய்ந்துபோன வண்டியை வைத்திருப்பவர்கள், இரவில் அதைச் சரிவான இடமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். காலையில் கல்லை எடுத்துவிட்டு, வண்டியைச் சரிவில் உருளவிட்டு, இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் ஓடத் தொடங்கிவிடும். மலையில் பழகிய எல்லாருக்கும் இந்த வித்தை தெரியும் என்றால், திருட வருபவனுக்கும் அது தெரியும். போதாக்குறைக்கு நம் ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளிலும் பல வீடுகளுக்குப் படியேறித்தான் போக வேண்டியிருப்பதால், வண்டி எங்கோ கீழே சாலையோரத்தில், வீட்டாரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் நிற்கிறது. உருளும் வண்டி சத்தம் போடுவதில்லை. இன்ஜின் சத்தம் கேட்கும்போது வண்டி இரண்டு வளைவு தாண்டியிருக்கும். இதே குறையால் இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று பயந்து, வண்டியை ஓடவிட்டபடியே, சாவியும் அதிலேயே இருக்க, ஓட்டுநர் டீக்கடைக்குள் போய்விடுகிறார்.

பழைய டீசல் இன்ஜின் வேலை செய்யும் விதமே திருடுபவனுக்குச் சாதகமானது. பெட்ரோல் இன்ஜினுக்கு ஒவ்வொரு சுற்றிலும் மின்பொறி தேவை. டீசல் இன்ஜினிலோ காற்று அழுத்தப்பட்டுச் சூடாவதாலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. இன்றைய கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு வண்டிகளில் சாவிக்குள் இருக்கும் சிப்பை இன்ஜின் அடையாளம் கண்டால்தான் எரிபொருள் போகும். இயந்திரப் பம்பு பொருத்திய பழைய வண்டிகளில் அப்படி எதுவும் கிடையாது. அவற்றில் சிலவற்றை நிறுத்துவதற்கு ஒரு கம்பியை இழுக்க வேண்டும். அவ்வகை இன்ஜின் ஓடுவதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. மற்றவற்றில் பம்பின் மேல் ஒரு சொலினாய்டு, அதாவது மின்சாரத்தால் திறக்கும் அடைப்பு, இருக்கும்; அதற்கு 12 வோல்ட் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும் வரை டீசல் பாயும். சாவி இல்லாதவன் பானட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து அந்தச் சொலினாய்டுக்கு ஒரு துண்டு வயரைக் கொடுத்து, வண்டியை உருட்டிவிட்டால் போதும்.

எனவே முதல் செலவை ஸ்டார்ட்டிங்கைச் சரிசெய்யவே ஒதுக்க வேண்டும். இதில் பலர் நேராகப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். சில மாதங்களில் பழைய கதையே திரும்புகிறது. நான் பார்த்தவரை, குற்றம் பெரும்பாலும் எர்த் வயரில்தான் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து சேசுக்கும் (வண்டியின் அடிச்சட்டத்துக்கும்), சேசிலிருந்து இன்ஜினுக்கும் போகும் பட்டைகள் நம் ஊர் மழையிலும் மூடுபனியிலும் துருவேறி, போல்ட்டுக்கு அடியில் பழுப்புத் தூளாக உதிர்ந்திருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வாசலின் தடவி இறுக்குங்கள். அதே வேளையில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் இடையே அளந்தால், செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். முழுதாக சார்ஜ் ஏற்றிய பிறகும் இறங்கினால் மட்டுமே பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அடுத்தது செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் வெள்ளைப் புகையைத் தள்ளிக்கொண்டு எழ மறுத்தால் நாசில், பம்பு டைமிங், கம்ப்ரஷன் என்று பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். அது பெரிய வேலை. ஆனால் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலம் வருவதற்கு முன் செய்துவிட வேண்டிய வேலை.

அதோடு சேர்த்து ஹேண்ட் பிரேக் கேபிளையும் பின் சக்கர லைனரையும் பாருங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தே பழகியவர்களின் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான் இருக்கிறது. இக்னிஷன் சாவித் துளை தேய்ந்து, எந்தச் சாவியைச் செருகினாலும் திரும்பும் நிலையில் இருந்தால் அதைத் தயங்காமல் மாற்றுங்கள். கதவுப் பூட்டும் அப்படியே. இவையெல்லாம் சில்லறை வேலைகள் என்று தள்ளிப்போடுபவர்கள்தான் விலை உயர்ந்த அலாரம் கேட்டு வருகிறார்கள்.

இவ்வளவும் சரியான பின்பு பூட்டுகளைப் பற்றிப் பேசலாம். மலைப்பாதை வண்டிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கியர் லாக், அதாவது கியர் கம்பியை அசையவிடாமல் பிடிக்கும் பூட்டு. சரிவை நோக்கி நிற்கும் வண்டியை ரிவர்ஸிலும், ஏற்றத்தை நோக்கி நிற்கும் வண்டியை முதல் கியரிலும் போட்டு நிறுத்துவது நமக்கு வழக்கம். சரிவை நோக்கி நிறுத்தி, ரிவர்ஸில் கியர் லாக் போட்டுவிட்டால், ஒருவன் கிளட்சை மிதித்து வண்டியை உருட்டினாலும் முன்னோக்கிய கியர் எதுவும் விழாது. இன்ஜினை எழுப்பவும் முடியாது. ஆகவே கியர் லாக் வாங்குபவர்கள் அது ரிவர்ஸில் பூட்டுகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். முன்சக்கரங்களை மண் திட்டுப் பக்கம் திருப்பி நிறுத்துவதும் இதனோடு சேர்ந்த பழக்கமாக இருக்கட்டும்.

இரண்டாவது, டீசலை நிறுத்துவது. சொலினாய்டு உள்ள வண்டியில் அதற்குப் போகும் வயரின் நடுவே மறைவான ஒரு சுவிட்சை வைக்கலாம். ஆனால் பானட்டைத் திறக்க முடிந்தவன் நேரே வயர் கொடுத்துவிடுவான் என்பதால், பானட்டுக்குத் தனிப் பூட்டு இல்லாமல் இந்த சுவிட்சால் பயனில்லை. இழுத்து நிறுத்தும் கம்பி உள்ள வண்டியில் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே பித்தளைக் குழாய் அடைப்பு ஒன்றைப் பொருத்தலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அந்தப் பகுதியில் டீசல் உறிஞ்சப்பட்டு வருவதால், மலிவான அடைப்பு வழியே மயிரிழை அளவு காற்று புகுந்தாலும் ஏர் லாக் ஆகி (காற்று அடைத்து டீசல் வராமல்), தினமும் பம்பை அடித்துக்கொண்டிருக்க வேண்டி வரும். நல்ல பொருளை வாங்கி, அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு பொருத்துங்கள். அடைத்த பிறகும் ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சமிருக்கும் டீசலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும் என்பதால், இந்த அடைப்பைத் தனித்து நம்பக் கூடாது. கியர் லாக்கும் கூடவே இருக்க வேண்டும்.

இப்போது விற்பனையாகும் சில ஜி.பி.எஸ். கருவிகளில், உரிமையாளர் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும் வண்டியின் இன்ஜின் நின்றுவிடும் வசதி இருப்பதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். மலைப்பாதையில் அது உயிருக்கு ஆபத்தானது என்பதை எல்லாரும் அறிய வேண்டும். டீசல் வண்டியின் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை, டைனமோவோடு சேர்ந்து சுற்றும் வேக்யூம் பம்புதான் உண்டாக்குகிறது. இன்ஜின் நின்ற பிறகு பூஸ்டரில் மிச்சமிருப்பது சில மிதிகளுக்கு மட்டுமே போதும். பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கல்லட்டிச் சரிவின் 36 வளைவுகளிலோ பாரத்தோடு இறங்கும் வண்டியின் இன்ஜின் திடீரென்று நின்றால், வண்டிக்குள் இருப்பவனுக்கு மட்டுமா ஆபத்து? எதிரே பள்ளிக் குழந்தைகளோடு வேன் வரலாம். ஆகவே அந்த இணைப்பை, நின்ற வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் வகையில் மட்டுமே கொடுக்கச் சொல்லுங்கள். வண்டி எங்கே போகிறது என்று காட்டும் வசதியை நான் குறை சொல்லவில்லை.

துருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இயந்திரத்தில் கழுவிய கேரட்டை ஈர மூட்டைகளாகவே ஏற்றுவதால், வழி நெடுகிலும் தண்ணீர் சொட்டி, பிளாட்பாரத் தகட்டின் இடுக்குகள் வழியாகச் சேசில் இறங்குகிறது. திரும்பும்போது ஏற்றிவரும் கோழி எருவும் உரமும் அந்த ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்கின்றன. சேஸ் பட்டையில் பொறித்த எண் இந்தத் துருவில்தான் மறைகிறது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது எண் தெரியவில்லை என்றால் அலைச்சல். திருட்டுப் போன வண்டி கிடைத்தால் அதை நம்முடையது என்று நிரூபிப்பதும் சிரமம். ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரஷ் போட்டுத் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, எண்ணின் மேல் கிரீஸ் பூசி வையுங்கள். 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருப்பதால், அப்போதே இதையும் செய்துவிடலாம்.

காப்பீட்டைப் பற்றிப் பலருக்குத் தெளிவில்லை. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், வண்டி திருடு போனதற்கு ஒரு ரூபாயும் கிடைக்காது; முழுக் காப்பீடு வேண்டும். திருட்டு தெரிந்தவுடன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கை பெற வேண்டும்; காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். காவல் துறையில் உடனே புகார் செய்திருந்தால், நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டு சாவிகளையும் நிறுவனம் கேட்கும் என்பதால் இரண்டாவது சாவியைத் தொலைத்துவிடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆவது பிரிவு, சரக்கு ஏற்றும் வாகனத்தைத் திருடுவதற்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. புகார் எழுதும்போது வண்டி சரக்கு வாகனம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுவது நல்லது.

உங்கள் நாளிதழ் மூலமாக மாவட்ட நிர்வாகத்துக்கும் இரண்டு கோரிக்கைகளை வைக்க விரும்புகிறேன். நம் மலையிலிருந்து வெளியேறும் சாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், இரவில் வழிகள் இன்னும் குறைகின்றன. பர்லியாறு, குஞ்சப்பனை, நாடுகாணி போன்ற சோதனைச் சாவடிகளில், 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறைக்காக உள்ளே வரும் வண்டிகளைப் பார்க்கிறார்கள். இரவில் வெளியே செல்லும் சரக்கு வண்டிகளின் எண்ணையும் கேமராவில் பதிவு செய்து, திருட்டுப் புகார் வந்தவுடன் அந்தப் பதிவைக் காவல் நிலையம் பார்க்கும்படி செய்ய வேண்டும். மண்டிக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டிய காய்கறி வண்டிகளை நிறுத்தி வைத்து விசாரிக்கும் ஏற்பாடாக அது ஆகிவிடக் கூடாது. ஓடும் வண்டியின் எண்ணைக் கேமரா படித்துக்கொண்டால் போதும்.

மற்றொன்று, வீட்டு வாசல் வரை சாலை இல்லாத ஹட்டிகளுக்கும் லைன்களுக்கும் அருகே, பத்து வண்டிகளாவது சமதளத்தில் நிற்கக்கூடிய, தெருவிளக்கும் கேமராவும் உள்ள ஓர் இடத்தை ஊராட்சிகள் ஒதுக்கித் தர வேண்டும். சமதளம் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம், அங்கே நிற்கும் வண்டியை ஒருவனால் தனியாக உருட்டிக்கொண்டு போக முடியாது. அதற்கான இடம் இருக்கும் ஊர்களிலிருந்தே இந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன் வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு டீசல் மெக்கானிக்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.